தோற்ற மட்சை எறிந்து முடிக்கிறவரைப் பார்க்கப் போனது

இந்த வருடம் ஆவணி மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கிற என் வீட்டிலிருந்து டவுன்ரவுனில் இருக்கிற பேஸ்போல் ஸ்ரேடியத்துக்குத் தனியாகப் போய் வந்தேன். முப்பத்தொரு வருடம் இந்த நகரத்தில் இருக்கிறேன். தனியாக டவுன்ரவுன் போனது இதுதான் முதல் தரம். மிட்லண்ட் யாத்திரையைப் பற்றி எங்கள் மாதா கோயில் இதழில் நான் எழுதினதை வாசித்துவிட்டுக் கன பேர் பஸ் நேரமும் செலவும் கேட்டிருந்தீர்கள். அதுபோல இதையும் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு மட்டும்தான் படித்தனான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

ஏன் போனேன் என்றதை முதலில் சொல்லவேணும். என்னுடைய மனுசன் மாசி மாதம் மாரடைப்பில் செத்துப்போனார். பேர் மரியநாயகம். நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் இங்கேயும் இவர் என்றே எழுதுகிறேன். இவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. அது ஒரு யப்பான்காரன். பேஸ்போலில் பந்து எறிகிற ஆள்.

அந்த ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவர் சோறு சாப்பிடும்போது சொன்னதுதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பதினெட்டு வயதில் யப்பானில் எறியத் தொடங்கினவனாம். அங்கே பெரிய ஆளாம். இருபத்தொன்பது வயதில் அமெரிக்காவுக்கு வந்து, பிறகு இரண்டு வருடம் எங்கட ரொறன்ரோ அணிக்கும் எறிந்தவன். அந்த நேரம்தான் இவர் ஒரு நீலத் தொப்பி வாங்கினார். பிறகு அவனுக்குத் தோளில் வெட்டிச் சத்திரசிகிச்சை. ஒரு வருடம் முழுக்கப் பந்தைத் தொடவில்லை. ஊர் பேர் தெரியாத சின்னச் சின்ன இடங்களில் எறிந்தான், திரும்ப யப்பானுக்குப் போனான், திரும்ப இங்கே வந்தான். இப்போது நாற்பத்து மூன்று வயது. வேகமும் இல்லை.

இப்போது அவனுக்கு என்ன வேலை தெரியுமோ? பேஸ்போலில் ஒன்பது சுற்று. தன் அணி கண்டபாட்டுக்குத் தோற்று, இனி வெல்ல வழியில்லை என்று தெரிந்தால், நல்ல ஆட்களின் கையை வீணாக்கமாட்டார்கள். அவர்களை அடுத்த மட்சுக்கு வைத்துக்கொண்டு, இப்படி ஒரு பழைய ஆளை அனுப்பி மிச்சத்தை முடிப்பார்கள். அதுதான் அவன் வேலை. ஆட்கள் எழும்பி வீட்டுக்குப் போகிற நேரத்தில் அவன் உள்ளே வருவான்.

"வெட்கமில்லையோ உவனுக்கு? வயசு போட்டுது, வீட்டில கிடக்கலாம்தானே" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"தோத்த மட்சையும் ஆரோ ஒருத்தன் எறிஞ்சு முடிக்கத்தானே வேணும்" என்றார் இவர். ரிவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு அப்போது விளங்கவில்லை என்று எழுதினால் பொய். விளங்கினது. நான் கேட்டதும் அந்த யப்பான்காரனைப் பற்றி இல்லை.

இவர் கார்ச் சாமான் செய்கிற ஃபக்ரரியில் பத்தொன்பது வருடம் வேலை. கடைசி ஆறு வருடம் மேற்பார்வையாளர். ஃபக்ரரியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயதில் ஆர் வேலை கொடுப்பான்? கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பிளாசாவில் இருக்கிற பலசரக்குக் கடையில் வேலை கிடைத்தது. பார்க்கிங் லொட்டில் ஆட்கள் சாமானைக் காரில் ஏற்றிவிட்டு விட்டுப்போகிற தள்ளு வண்டில்களைச் சேர்த்து, வரிசையாகத் தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் விடுகிற வேலை. செத்துப்போகும் மட்டும் நாலு வருடம் அதைத்தான் செய்தார். வெயிலோ பனியோ தலையில் அந்த நீலத் தொப்பி.

கோயில் ஆட்கள் எல்லாரும் சாமான் வாங்குகிற கடை அது. தூரத்தில் வேறு கடை பாருங்கோ என்று இவரோடு சண்டை பிடித்தேன். ஆர் கேட்டாலும் "கடையொன்றில் சூப்பர்வைசர்" என்று சொன்னேன். மரண அறிவித்தலிலும் ஃபக்ரரி மேற்பார்வையாளர் என்று போட்டதோடு நிற்பாட்டிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. செத்தவீட்டு அன்று இவரோடு வேலை செய்த சிவம் அண்ணை வந்தார். மட்டக்களப்பு ஆள், அறுபத்தாறு வயது, அவரும் வண்டில்தான் தள்ளுகிறார். கும்பிட்டுவிட்டு, அந்த நீலத் தொப்பியை இவருடைய கையடியில் பெட்டிக்குள் வைத்தார். நான் அவரைக் கடைசி வரிசையில் இருத்தினேன். கோயில் ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கினதும், ஒருத்தரும் பார்க்காத நேரம் தொப்பியை எடுத்து என் ஹான்ட்பாக்குக்குள் வைத்தேன். அந்தத் தொப்பியைக் கண்டால் பார்க்கிங் லொட்டில் கண்ட ஆள் என்று விளங்கிவிடுமே என்ற பயம்.

ஆறு மாதம் அது அலுமாரியில் கிடந்தது.

ஆடி மாதம் ஒருநாள் பார்க்கிங் லொட்டில் சிவம் அண்ணை என்னை மறித்தார்.

"தங்கச்சி, உவன் யப்பான்காரன் வாற மாசம் இஞ்ச வாறான். இந்த வருசத்தோட நிப்பாட்டுறானாம். அவர் இருந்திருந்தால் கட்டாயம் போயிருப்பார்."

"நீங்கள் போகேல்லையே அண்ணை?"

"எனக்கு ஞாயிறு வேலை. நீங்கள் போனால் எத்தினை பந்து எறிஞ்சவன் எண்டு மட்டும் எனக்கு வந்து சொல்லுங்கோ."

இவரும் சிவம் அண்ணையும் கடைச் சாப்பாட்டு அறையில், ஒரு கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், அவன் எறிய வந்த ஒவ்வொரு நாளும் எத்தனை பந்து என்று எழுதி வந்தவர்களாம். நாலு வருடம். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

போகிறதென்று முடிவெடுத்தேன். பந்தை எண்ணிக்கொண்டு வந்து, தொப்பி எடுத்ததையும் சிவம் அண்ணைக்குச் சொல்லவேணும். வெறுங்கையோடு போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இனிப் பயணம். கல்கரியில் இருக்கிற மகள்தான் போனில் ரிக்கெற் எடுத்து அனுப்பினாள். மேல் மாடி, முப்பத்தொரு டொலர் ஐம்பது சதம். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அப்பா எத்தினை தரம் வா வா எண்டு கேட்டவர், ஒருநாளும் போகேல்லையே நீங்கள்" என்றாள். ஓம் என்றேன்.

சனி பின்னேரமே பூசை கண்டுவிட்டேன், ஞாயிறு பூசையை விட்டுவிட்டேன் என்று யோசிக்கவேண்டாம். ஞாயிறு காலை 10.40க்கு வீட்டை விட்டு இறங்கினேன். பஸ் தரிப்புக்கு நானூறு மீற்றர் நடை. வோர்டன் ரோட்டில் தெற்கே போகிற பஸ், நாலரைக் கிலோமீற்றர், பதினாறு நிமிடத்தில் வோர்டன் ஸ்ரேஷன். காசு மூன்று டொலர் முப்பது சதம். கார்ட்டை ஒருக்கால் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குச் செல்லும். அங்கிருந்து மேற்கே போகிற சப்வே எடுத்து, யங் ஸ்ரேஷனில் மாறி, தெற்கே யூனியன் போகவேணும்.

இதில் ஒரு பிழை விட்டேன், நீங்கள் விடவேண்டாம். யங்குக்கு ஒரு ஸ்ரேஷன் முன்னால் ஷேர்போர்ன். கதவு திறந்ததும் கால் தானாக இறங்கிவிட்டது. கலியாணம் முடித்து வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் இருந்தனாங்கள், அப்போது இறங்கின இடம். இவர் அந்த நேரம் பாண் பேக்கரியில் வேலை. தலைமயிரில் மாவோடு வருவார். அந்த வேலையை நான் ஒருத்தருக்கும் ஒளித்ததில்லை. அப்போது எல்லாருக்கும் அப்படித்தான் வேலை. பிறகு ஆட்கள் வீடு வாங்கி, கார் வாங்கினபிறகுதான் எனக்கு இந்த ஒளிக்கிற வருத்தம் பிடித்தது. பிளற்ஃபோமில் ஐந்து நிமிடம் நின்று அடுத்த ரெயினில் ஏறினேன்.

யூனியனில் 11.50. அங்கிருந்து கூரை போட்ட நடைபாதை போகிறது. நீலச் சட்டை போட்ட சனத்துக்குப் பின்னால் போனால் சரி, ஒருத்தரையும் வழி கேட்கத் தேவையில்லை. ஏறக்குறைய தொள்ளாயிரம் மீற்றர். முழங்கால் வருத்தக்காரருக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கோ. வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். என் பைக்குள் சாப்பிட இரண்டு ரோல்ஸ், ஒரு தண்ணீர்ப் போத்தல், செபமாலை, தொப்பி. தொப்பியைத் தூக்கிப் பார்த்த பிள்ளை, "போட்டுக்கொள்ளுங்கோ, உள்ளே வெயில்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

மேல் மாடிப் படி செங்குத்து. கம்பியைப் பிடித்து ஏறுங்கோ, கீழே பார்க்காதேங்கோ. மட்ச் 1.37க்குத் தொடங்கும் என்று போட்டிருந்தது. சரியாக 1.37க்குத் தொடங்கினது. எங்கட ஆட்களின் கலியாண வீட்டுக்குப் போய்ப் பழகின எனக்கு அது ஆச்சரியம்.

பக்கத்துச் சீற்றில் இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, பேர் ஷாலினி, புருஷனோடு வந்திருந்தாள்.

"அன்ரி தனியவோ வந்தனீங்கள்? வாவ்! எங்கட அம்மா பார்க்கிங் லொட் தாண்டித் தனியப் போகமாட்டா."

சிரித்தேன். நான் பார்க்கிங் லொட்டையே தாண்ட முடியாமல் வந்தவள் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

எனக்குப் பேஸ்போல் விளங்காது, ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான். யப்பான்காரனின் அணி நல்லாய்த் தோற்கவேணும். கொஞ்சமாய்த் தோற்றால் அவனைக் கூப்பிடமாட்டார்கள். அதனால் எங்கட ஆட்கள் அடிக்க அடிக்க நானும் கத்தினேன். மூன்றாம் சுற்றில் நாலு ஓட்டம். ஐந்தாம் சுற்றில் ஏழு. ஷாலினியின் புருஷன், "அன்ரி ஹார்ட்கோர் ஃபான்" என்றான்.

ஆறாம் சுற்றில் போன் அடித்தது. பிலோமினா அக்கா. எங்கள் கோயில் பெண்கள் சபைக்குப் பொறுப்பானவ, உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"எங்கை நிக்கிறாய்? காலமைப் பூசையிலும் காணேல்லை. உதென்ன சத்தம்?"

"ரிவி, அக்கா. சத்தமாய்ப் போட்டுக்கிடக்கு."

போனைப் பைக்குள் வைத்தேன். இவருக்காக என்று வந்த இடத்திலும் இவரை ஒளித்துவிட்டேன்.

அந்த அக்காவோடு சம்பந்தப்பட்டதுதான் நான் இதுவரை ஒருத்தருக்கும் சொல்லாதது. போன வருடத்துக்கு முதல் வருடம் தை மாதம், சரியான குளிர். நானும் அவவும் கடையில் இருந்து சாமானோடு வந்து, காரில் ஏற்றிவிட்டு வண்டிலோடு நின்றோம். இவர் வந்தார். முகத்தைச் சுற்றி மஃப்ளர், மேலே ஜக்கெற்றின் மூடி, அதற்குள் இருந்து தொப்பியின் விளிம்பு. கண் மட்டும்தான் தெரிந்தது. கையை நீட்டினார். நான் வண்டிலைக் கொடுத்து, "தாங்க்யூ" என்றேன். ஆங்கிலத்தில். முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்கிற மாதிரி.

இவர் வண்டிலைப் பிடித்தார். பிறகு "யூ ஆர் வெல்கம், மேடம்" என்று சொல்லி, அக்காவின் வண்டிலையும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் வீட்டில் இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தார். விரல் எல்லாம் வெடித்திருந்தது. கடைசி வரைக்கும் இவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது செய்திருப்பேன்.

ஏழாம் சுற்று முடிய எங்கட அணி பதினொன்று, அவர்கள் இரண்டு. சனம் எழும்பத் தொடங்கிவிட்டது. ஆனால் அவர்கள் பக்கத்தில் வேறொரு இளம் ஆள்தான் இன்னும் எறிந்துகொண்டிருந்தான்.

"பிள்ளை, இனியும் ஆளை மாத்துவினமோ?" என்று ஷாலினியைக் கேட்டேன்.

"எய்ட்தில மாத்தினால்தான் உண்டு அன்ரி. நாங்கள் லீட் பண்ணுறம், ஸோ நைன்தில எங்களுக்கு பற்றிங் இல்லை. அவையின்ர ஆள் எறியத் தேவையில்லை."

எட்டாம் சுற்றில் வராவிட்டால் இல்லை. செபமாலையை எடுத்துக் கையில் சுற்றினேன். என்ன செபிக்கிறதென்று தெரியவில்லை. ஒரு மனிசனைத் தோற்ற மட்சுக்குக் கூப்பிடச் சொல்லி ஆரிடம் கேட்கிறது?

எட்டாம் சுற்றில் அவர்கள் எறிகிற முறை வந்ததும், மைதானத்தின் தூரத்து மூலையில் ஒரு கதவு திறந்தது. ஒரு ஆள் தனியாக நடந்து வந்தார். ஓடவில்லை. தொப்பியை இரண்டு தரம் இழுத்துச் சரிப்படுத்தினார். எனக்கு முன்னால் நாலு வரிசை தள்ளி இருந்த ஒரு யப்பான் மனிசியும் மனுசனும் எழும்பி நின்றார்கள். மற்றவர்களும் எழும்பினார்கள்தான், ஆனால் வீட்டுக்குப் போக. நானும் நின்றேன். பைக்குள் இருந்து தொப்பியை எடுத்தேன். உள்பக்கத்தில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாய் உப்பு. போட்டேன். காது வரைக்கும் இறங்கினது.

"ஆரு அன்ரி அந்த ஓல்ட் பிளேயர்? கேம் முடிஞ்சுது. இனி ஆர் எறிஞ்சாலும் ஒண்டுதான்" என்றாள் ஷாலினி.

"என்ர மனுசனுக்குத் தெரிஞ்ச ஆள்" என்றேன்.

ஒவ்வொரு பந்துக்கும் செபமாலையில் ஒரு மணி உருட்டினேன். ஆற அமர எறிந்தார். ஒரு பந்தை எங்கட ஆள் வெளியே அடித்துவிட்டான், சனம் கத்தினது. பன்னிரண்டு ஓட்டம். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த பந்தைக் கையில் வாங்கினார். ஒருவன் அவுட். இரண்டாமவனை அவுட்டாக்க ஒன்பது பந்து. மூன்றாமவன் உயரத் தூக்கி அடித்துப் பிடிகொடுத்தான். இரண்டு பத்தும் மூன்று மணியும். இருபத்து மூன்று.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் உடனே போகவில்லை. நின்று எறிந்த மண்மேட்டில் தன் சப்பாத்து கிண்டின குழியைக் காலால் இழுத்து மூடி, இரண்டு தரம் மிதித்துச் சமப்படுத்தினார். அடுத்து அதில் வந்து நிற்கப்போகிறவன் எதிர் அணிக்காரன். பிறகுதான் நடந்தார்.

இவர் வேலை முடிந்து வெளிக்கிடும்போது வண்டில் வரிசையைக் கடைசியாய் ஒருக்கால் இழுத்து நேராக்கிவிட்டு வருவாராம். சிவம் அண்ணை செத்தவீட்டில் சொன்னவர். நான் சரியாகக் கேட்காமல் அடுத்த ஆளை வரவேற்கப் போனேன்.

"அன்ரி, யூ ஓகே? நாங்கள் வின் பண்ணுறம், ஏன் அழுறீங்கள்?" என்று ஷாலினி என் தோளைப் பிடித்தாள். ஒரு ரோல்ஸை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். ஒன்று ஒன்றேமுக்கால் டொலர், எங்கட பிளாசாவில் வாங்கினது. உள்ளே விற்கிற சாப்பாடு யானை விலை, காசுத்தாளும் எடுக்கமாட்டார்கள், கார்ட் மட்டும்தான்.

4.31க்கு மட்ச் முடிந்தது. திரும்புகிறதுக்கும் மூன்று டொலர் முப்பது. ஷேர்போர்னில் கதவு திறந்தபோது எழும்பவில்லை. தொப்பியைக் கழற்றவும் இல்லை.

5.55க்கு பிளாசாவில் இறங்கினேன். சிவம் அண்ணை பன்னிரண்டு வண்டில் வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் தலையைப் பார்த்ததும் நிற்பாட்டினார்.

"அண்ணை, இதை நான் பெட்டிக்குள்ள இருந்து எடுத்தனான்."

"தெரியும் தங்கச்சி. என்னைக் கடைசி வரிசையில தானே இருத்தினனீங்கள். அங்கயிருந்து எல்லாம் வடிவாத் தெரியும்."

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அவர் வரிசையை ஓரமாய் இழுத்துவிட்டார்.

"சரி, எத்தினை பந்து?"

"இருபத்து மூண்டு."

"ஒண்டு வெளியில போயிருக்குமே?"

"ஓம். ஒண்டு போனது."

"பார்த்தீங்களோ! உயர எறிஞ்சால் உவனுக்கு எப்பவும் அப்பிடித்தான்." சிரித்துக்கொண்டு உள்ளே போய் அந்தக் கலண்டர்த் தாளை எடுத்து வந்தார். போன வருடக் கடைசி வரைக்கும் இவருடைய எழுத்து, நெருக்கி நெருக்கி. அதுக்குப் பிறகு சிவம் அண்ணையின் எழுத்து. பேனையை என் கையில் தந்தார். வண்டில் கைபிடியில் தாளை வைத்து 23 என்று எழுதினேன். இரண்டு கொஞ்சம் கோணலாய் வந்துவிட்டது.

போக நினைக்கிறவர்களுக்கு: போக வர பஸ், சப்வே ஆறு டொலர் அறுபது. ரிக்கெற் முப்பத்தொன்று ஐம்பது. ரோல்ஸ் இரண்டும் மூன்று ஐம்பது. மொத்தம் நாற்பத்தொரு டொலர் அறுபது சதம். வீட்டை விட்டு வெளிக்கிட்டு பிளாசாவில் வந்து இறங்க ஏழேகால் மணித்தியாலம். சின்னப் பை கொண்டு போங்கோ. வெயில் மாலை மூன்று மணிக்குப் பிறகு மேல் மாடியில் முகத்துக்கு நேரே அடிக்கும், தொப்பி கட்டாயம். எட்டாம் சுற்று முடியும் மட்டும் எழும்பாதேங்கோ. கடையில் சாமான் ஏற்றினபிறகு வண்டிலை ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போகாதேங்கோ, அதைத் தேடி ஒரு மனிசன் நடக்கவேணும்.

பிலோமினா அக்கா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அன்று கேட்டது ரிவிச் சத்தம் இல்லை. தை மாதம் அந்தக் குளிருக்குள் உங்கட வண்டிலையும் என்ர வண்டிலையும் வாங்கிக்கொண்டு போனவர் என்ர மனுசன். பேர் மரியநாயகம்.